ஆன்லைன் கொலுசுக் கடையில் பில் போடும்போது பாயின்ட் கழித்துக்கொள்ளும் வசதி வைத்தால் பலன் உண்டா?

உண்டு. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கடை, ஆன்லைனிலும் வெள்ளிக் கொலுசு விற்கிறேன். வாங்கும்போது சேரும் பாயின்ட்டை அடுத்த பில்லில் பணம்போலக் கழிக்கும் திட்டம் என் கடையிலும் ஓடுகிறது. ஆனால் மளிகைக் கடை, துணிக்கடை பாணியில் "மொத்த பில்லுக்கு 5% பாயின்ட்" என்று வைத்தால் கையைக் கடிக்கும்.

கணக்கைப் பாருங்கள். 10,000 ரூபாய் கொலுசில், பேச்சுக்கு, வெள்ளிக்கே 8,500 போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 1,500 தான் கூலியும் சேதாரமும். பட்டறைக்காரருக்குக் கொடுப்பது, கூரியர், பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) கமிஷன் எல்லாம் போக நமக்கு நிற்க வேண்டியதும் அதற்குள்தான். 5% என்றால் 500 ரூபாய், அதாவது அந்த 1,500-இல் மூன்றில் ஒரு பங்கு காலி. வெள்ளி விலை தினமும் மாறுகிறது, அதில் விட்டுக்கொடுக்க நம் கையில் ஒன்றும் இல்லை. அதனால் பாயின்ட் சேர்வதும் கழிவதும் கூலியின் மேல் மட்டும் இருக்கட்டும். பில்லில் வெள்ளி மதிப்பு ஒரு வரி, கூலி ஒரு வரி என்று பிரித்துக் காட்டிவிட்டால் வாடிக்கையாளரும் சண்டைக்கு வரமாட்டார்.

அடுத்தது பணம் கட்டும் பக்கம். நல்ல திட்டங்கள்கூட இங்கேதான் படுத்துவிடும். "உங்களிடம் 120 பாயின்ட் உள்ளது" என்று மை அக்கவுண்ட்டுக்குள் எங்கோ போட்டால் யார் பார்ப்பார்கள்? மொத்தத் தொகைக்கு நேர் மேலே "இந்த பில்லில் 120 ரூபாய் குறைக்கலாம்" என்று ஒரு பட்டன் வேண்டும். தட்டியதும் தொகை கண்ணெதிரே இறங்க வேண்டும். இதற்கெல்லாம் பாஸ்வேர்ட் கேட்காதீர்கள். டெலிவரிக்கு எப்படியும் போன் நம்பர் தருகிறார்கள், அதற்கே ஓடிபி அனுப்பினால் போதும். பாஸ்வேர்டில் மாட்டிய ஒரு அம்மாவுக்குப் போன் செய்தால், "இருங்கண்ணா, பையன் வந்ததும் போடச் சொல்றேன்" என்பார். பையன் வருவான், ஆர்டர் வராது.

பல பாயின்ட் செயலிகள் பாயின்ட்டை உள்ளுக்குள் ஒரு கூப்பன் கோடாக மாற்றித்தான் கழிக்கின்றன. தீபாவளி கூப்பனும் ஓடும் நேரத்தில் ஒன்று இன்னொன்றைத் தள்ளிவிடலாம். ஆன்லைன் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் மென்பொருள்கள் இரண்டிலும் எதனுடன் எது சேரலாம் என்பதற்கு அமைப்பு இருக்கிறது. டெவலப்பரை நம்பி விடாமல் நீங்களே ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள். அப்புறம் ஜிஎஸ்டி. விற்கும்போதே இன்வாய்சில் காட்டிய தள்ளுபடியைக் கழித்த பிறகுதான் வரி. 10,000-இல் 100 கழிந்தால், 9,900-க்கு 3% வரி, 297 ரூபாய். 300 என்று வந்தால் செட்டிங்கைச் சரிபார்க்கவும்.

புதுப் பாயின்ட்டை ஆர்டர் விழுந்ததுமே ஏற்றாதீர்கள், கேஷ் ஆன் டெலிவரியில் குறிப்பாக. ரிட்டர்ன் நாட்கள் முடிந்த பிறகு ஏறட்டும். பொருள் திரும்பினால் கட்டிய பணம் பணமாக, கழித்த பாயின்ட் பாயின்ட்டாகவே திரும்ப வேண்டும்.

காலாவதியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆறு மாதம் என்பது மாதாமாதம் வாங்கும் பொருளுக்குச் சரி. கொலுசை அப்படி வாங்குவதில்லை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குப் பிள்ளைக்கு ஒரு ஜோடி எடுத்தவர், அடுத்த ஆடிக்குத்தான் திரும்ப வருவார். சரியாக ஒரு வருடம் என்று வைத்தால்கூட நாலு நாள் தள்ளி வந்தவருக்குப் பாயின்ட் போயிருக்கும். நான் 18 மாதம் வைத்திருக்கிறேன். ஆனி கடைசியில் ஒரு வாட்ஸ்அப், எவ்வளவு ரூபாய் மிச்சம் இருக்கிறது என்று மட்டும்.