மகள் கிடா பார்க்கப் போகிறாள் என்றால்

"ஆடு மேய்க்கவா இவ்வளவு படிக்க வைத்தேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள் ஐயா. உங்கள் மகள் படிக்கக் கேட்பது மேய்ப்பு இல்லை, செம்மறி இனவிருத்தி; அதாவது மந்தைக்கு எந்தக் கிடாவை விடுவது என்று தேர்ந்தெடுக்கும் வேலை. இரண்டுக்கும் நடுவே நிறைய கணக்கு இருக்கிறது.

ஒரு பெட்டை ஆடு ஈற்றுக்கு ஒன்றோ இரண்டோ குட்டிதான் போடும். ஒரு கிடாவுக்கோ ஒரே பருவத்தில் பல டஜன் குட்டிகள் பிறக்கும். மூன்று தலைமுறைக்குத் தொடர்ந்து வெளிக் கிடாக்களையே விட்டால், மூன்றாம் தலைமுறைக் குட்டிகளின் மரபில் 87.5 சதவீதம் அந்தக் கிடாக்களுடையது. ஆகவே, கிடாவைத் தவறாகத் தேர்ந்தால் மந்தையே தவறிவிடும்.

சரி, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? கம்பளி நாரின் பருமனை மைக்ரானில் அளக்கிறார்கள். ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 30 மைக்ரானைத் தாண்டிய நார்கள் கூடினால் துணி உடம்பில் குத்தும். அதனால் சராசரி மட்டும் போதாது, நாருக்கு நார் எவ்வளவு வேறுபடுகிறது என்பதும் வேண்டும். நாரின் மென்மை நன்றாகவே மரபில் இறங்கும் குணம் என்பதால் தேர்வுக்குப் பலன் உண்டு.

சிக்கல் இங்கேதான். கம்பளி எடையை மட்டும் துரத்தினால் நாரும் தடிக்கப் பார்க்கும், தோலில் மடிப்பும் கூடும். மடிப்பில் ஈரமும் அழுக்கும் தங்கி, ஈ முட்டையிட்டு, ஆட்டுக்குப் புழு வைத்துவிடும். இதைத் தடுக்கவே, மெல்லிய கம்பளிக்குப் பெயர்போன மெரினோ இனக் குட்டிகளின் பின்புறத் தோலை வெட்டி எடுக்கும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் வந்தது. நியூசிலாந்து 2018-இல் அதைத் தடை செய்தது. மடிப்பில்லாத, பின்புறம் மொட்டையாக உள்ள கிடாக்களைத் தேர்ந்து வளர்ப்பதே நிலையான தீர்வு. வில்ட்ஷயர் ஹார்ன் போன்ற இனங்கள் கம்பளியைத் தானே உதிர்த்துவிடும், கத்தரிக்கும் வேலையே இல்லை. ஆனால் அங்கே வருமானம் கம்பளியில் இல்லை, இறைச்சியில்.

எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்வதுதான் உங்கள் மகள் கேட்கும் வேலை. கொழுத்த கிடாவைக் கண்டு மயங்கக் கூடாது. ஒற்றையாகப் பிறந்து பால் முழுவதையும் குடித்தது பெரிதாகத்தான் தெரியும். இரட்டையில் ஒன்றாகப் பிறந்தது சிறுத்திருந்தாலும் மரபில் உயர்ந்ததாக இருக்கலாம். இதைப் பிரித்துக் காட்டுவது புள்ளியியல். என் கணிப்பில், இந்தத் துறைக்கு உயிரியல் மதிப்பெண்ணைவிடக் கணித மதிப்பெண்தான் முக்கியம். கால்நடை மருத்துவப் பட்டம் கட்டாயமில்லை. கால்நடை அறிவியல் படித்துவிட்டு, விலங்கு மரபியலில் முதுகலை செய்யலாம். இனவிருத்திப் பண்ணை, கம்பளிப் பரிசோதனைக் கூடம், ஆராய்ச்சி நிலையம் என்று வேலைகள் உண்டு. எண்ணிக்கை குறைவு, ஊரை விட்டுத் தள்ளியும் இருக்கும். மறைக்க விரும்பவில்லை.

பொறுமையும் வேண்டும். இன்று சேர்த்த கிடாவின் குட்டி பிறக்கவே ஐந்து மாதம். அதன் கம்பளியை ஒழுங்காக அளக்க மேலும் ஓராண்டு ஆகலாம்.

கட்டணம் கட்டும் முன் ஒரு ஈற்றுப் பருவம் முழுக்க அவள் ஏதாவது பண்ணையில் தங்கி வேலை பார்க்கட்டும். நள்ளிரவில் குட்டி இழுப்பது, சாணி ஒட்டிய பின்புறக் கம்பளியைக் கத்தரிப்பது எல்லாம் அதில் சேர்த்தி. அப்புறமும் ஆசை குறையவில்லை என்றால் அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். கணித மதிப்பெண் பட்டியலையும் மறக்காதீர்கள்.