பையன் எந்தப் பக்கம் சாய்ந்து காட்டுகிறான்?

கேள்வி: வயது 36. பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். ஐ.டி. வேலை, தினமும் பத்து மணி நேரம் உட்கார்ந்தே இருக்கிறேன். இரண்டு மாதமாக வலது பின்பக்கத்தில் ஆரம்பித்து, தொடையின் பின்புறமாகக் கெண்டைக்கால் வரை சுருக்கென்று இழுக்கிறது. யூடியூபில் பார்த்ததில் பிரிஃபார்மிஸ் தசை சியாட்டிக் நரம்பை அழுத்துகிறது என்று புரிந்துகொண்டேன். என்ன பயிற்சி செய்யலாம்? நான் கனம் தூக்கக் கூடாது என்பதால் கீழேயிருந்து தண்ணீர் கேனைக்கூட அம்மாதான் கொண்டு வருகிறார் (63 வயது, அவருக்கும் முட்டி வலி உண்டு, தைலம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்). நான் நொண்டுவதையும் பாட்டி ஆடி ஆடி நடப்பதையும் என் ஆறு வயதுப் பையன் அப்படியே நடித்துக் காட்டுவான், வீடே சிரிக்கும். என் நிலைமை அந்த அளவுக்கு ஆகிவிட்டது. நல்ல வழி சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, உங்கள் முழுக் கடிதம் மூன்று பக்கம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அதில் இரண்டே முக்கால் பக்கம் உங்கள் பின்பக்கத்தைப் பற்றி, தசை, நரம்பு, எலும்பு என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறீர்கள். மீதிக் கால் பக்கத்தில் அம்மா வருகிறார், அதுவும் அடைப்புக்குறிக்குள். உங்கள் வலிக்குக் கடைசியில் வருகிறேன், அதற்கு அவசரம் இல்லை. முதலில் ஒன்று சொல்லுங்கள், பையன் பாட்டி மாதிரி நடந்து காட்டும்போது எந்தப் பக்கம் சாய்கிறான்?

நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முப்பது வருஷம் பிசியோதெரபி பார்த்தவள் நான். உங்கள் வீட்டில் ஒருவரின் நடையை ஒழுங்காகக் கவனித்த ஒரே ஆள் அந்த ஆறு வயதுப் பிள்ளைதான், நீங்கள் எல்லோரும் சேர்ந்து அதற்குக் கை தட்டிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

எழுந்து நில்லுங்கள். இடுப்பின் பக்கவாட்டில், பெல்ட்டுக்கு நாலு விரல் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கக் காலைத் தூக்குங்கள். கைக்கு அடியில் ஒன்று கல் மாதிரி இறுகும். அதற்கு குளூட்டியஸ் மீடியஸ் என்று பெயர், கூடவே அதற்கு அடியில் குளூட்டியஸ் மினிமஸ் என்று ஒரு தம்பியும் உண்டு. நாம் உட்காரும்போது மெத்தையாக இருக்கிறதே, அந்தப் பெரிய குளூட்டியஸ் மாக்ஸிமஸுக்குப் படியேறவும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவும்தான் முக்கிய வேலை, சமதரையில் மெதுவாக நடக்கும்போது அது பாதி சோம்பேறி. நடையில் ஒவ்வொரு அடிக்கும் உழைப்பது இந்தப் பக்கவாட்டுத் தசைதான். ஒரு கால் தரையை விட்டு எழும்பியதும் இடுப்பெலும்பு அந்தப் பக்கம் சரியப் பார்க்கும், ஊன்றிய கால் பக்கமிருந்து இது இழுத்துப் பிடித்து மட்டமாக வைக்கும். அந்தப் பிடி தளர்ந்தால், அல்லது பிடிக்கும்போது மூட்டு வலித்தால், மனுஷர் என்ன செய்வார்? உடம்பையே ஊன்றிய கால் பக்கம் சாய்த்து, பாரத்தை மூட்டுக்கு நேர் மேலே கொண்டுவந்து தப்பித்துக்கொள்வார். அதைத்தான் நீங்கள் ஆடி ஆடி நடப்பது என்கிறீர்கள். வலது காலை ஊன்றும்போது வலது பக்கமே சாய்ந்தால் வலது இடுப்பில் கோளாறு, இரண்டு பக்கமும் சாய்ந்தால் இரண்டையும் பார்க்க வேண்டும்.

ஃப்ரீட்ரிக் ட்ரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர், பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகிய பிள்ளைகள் நடப்பதைப் பார்த்துப் பார்த்து இதை 1895-இல் எழுதி வைத்தார். ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது அதே வருஷம் நவம்பரில்தான். அதாவது படம் எடுத்துப் பார்க்க வழியே இல்லாத காலத்தில், வெறும் கண்ணால் பார்த்துச் சொன்ன விஷயம். உங்கள் வீட்டிலோ ஆளுக்கொரு போன் இருக்கிறது, அம்மா நடப்பதை ஒரு நிமிஷம் பின்னாலிருந்து வீடியோ எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது கேனுக்கு வருவோம். உடம்பின் பாரம் நடுவில் இருக்கிறது, இடுப்பு மூட்டிலிருந்து அது தூரம். தசை இழுக்கும் இடமோ மூட்டுக்குக் கிட்டத்தில். ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குட்டையாக இருக்கிற ஏற்றப்பலகை மாதிரி, குட்டைப் பக்கத்தில் இருப்பவர் இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தினால்தான் மட்டமாக நிற்கும். அதனால்தான் ஒற்றைக் காலில் நிற்கும்போது அந்த மூட்டில் உடல் எடையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது. அம்மா 60 கிலோ என்றால் 150 கிலோவுக்கு மேல். படியேறினால் இன்னும் கூடும். அதற்கு மேல் 20 லிட்டர் கேன், தண்ணீர் மட்டுமே 20 கிலோ. அதையும் வலி இல்லாத பக்கத்துக் கையில் தூக்கினால் (எல்லோரும் அப்படித்தான் தூக்குவார்கள், வலிக்கிற பக்கத்துக்கு ஓய்வு கொடுப்பதாக நினைப்பு), நீண்ட பக்கத்தில் இன்னொரு ஆளை ஏற்றி உட்கார வைத்த மாதிரி. நோகிற மூட்டுக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. ஊன்றுகோலை வலிக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கச் சொல்வதும் இதே கணக்கில்தான், கேன் அந்தப் பக்கத்தைக் கீழே இழுக்கும், கோல் தாங்கிப் பிடிக்கும். ஆனால் பாதிப் பேர் வலிக்கிற பக்கமே பிடித்துக்கொண்டு வருவார்கள், நான் பிடுங்கி மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் அந்தத் தைலம். முட்டி வலி என்று நீங்களாக முடிவு செய்தீர்களா, யாராவது பார்த்தார்களா? ஆப்டுரேட்டர் என்று ஒரு நரம்பு, அதன் கிளைகள் இடுப்பு மூட்டுக்கும் போகின்றன, முழங்காலுக்கும் போகின்றன. இடுப்பு மூட்டு தேயும்போது வலி தொடைச்சந்தில் தெரியலாம், முன்தொடையில் தெரியலாம், முழங்காலில் மட்டுமேகூடத் தெரியலாம். என் சொந்த அத்தைக்கு ஒரு மருத்துவமனையில் இரண்டு வருஷம் முழங்காலையே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன், அத்தை திண்ணையில் உட்கார்ந்து கால் நகம் வெட்ட முயன்று, பாதம் கைக்கு எட்டாமல், கடைசியில் நகவெட்டியைப் பேத்தியிடம் கொடுத்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான், இடுப்பு என்று தெரிந்துவிட்டது. மூட்டு இறுகினால் முதலில் போவது காலை உள்பக்கம் திருப்புகிற அசைவு, பிறகு சம்மணம், பிறகு பாதத்தைத் தொடுவது. உங்கள் அம்மா கால் நகத்தை அவரே வெட்டிக்கொள்கிறாரா? மெட்டியைக் கழற்றி மாட்ட முடிகிறதா? கடைசியாகத் தரையில் உட்கார்ந்து எப்போது சாப்பிட்டார்? இதற்கெல்லாம் உங்களுக்குப் பதில் தெரியாது என்று பந்தயம் கட்டுவேன்.

அவர் சொல்லவில்லையே என்பீர்கள். சொல்ல மாட்டார். மகன் வலியில் துடிக்கிறான் என்று நினைக்கிற அம்மா, தன் வலியைச் சொல்லி அவனுக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவை வைப்பாரா? பெற்றவர்களை மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காப்பாற்றுகிறேன் என்று சொல்கிற பிள்ளைகள்மேல் எனக்கு மரியாதை கிடையாது. பக்கத்தில் நடந்து போகும்போது அவர்கள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதுதான் பிள்ளையின் வேலை. பழைய காலத்து ஆள் என்று சொல்லிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ஜெயநகர்ப் பக்கம் சஞ்சய் காந்தி எலும்பு மருத்துவமனை அரசினுடையது, செலவைக் காரணம் சொல்ல வேண்டாம். முழங்காலோடு இரண்டு இடுப்பு மூட்டும் தெரிகிற மாதிரி படம் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம், தொடையெலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம், பக்கவாட்டுத் தசைநார் நைந்திருக்கலாம், முதுகிலிருந்து வருகிற நரம்பாகக்கூட இருக்கலாம். எது என்று கடிதத்தைப் படித்து நான் சொல்ல முடியாது. சில நாளில் வலி திடீரென்று ஏறி, கீழே விழாமலேயே காலை ஊன்ற முடியாமல் போனால் வாரம் வரை காத்திருக்காமல் அன்றே போங்கள்.

சரி, உங்கள் பின்பக்கம். கெண்டைக்கால் வரை இறங்குகிற வலிக்குப் பெரும்பாலும் காரணம் கீழ் முதுகு டிஸ்க், பிரிஃபார்மிஸ் அதற்குப் பிறகுதான், யூடியூப் என்ன சொன்னாலும். பின்பாக்கெட்டில் தடிமனான பர்ஸ் இருந்தால் எடுத்து எறியுங்கள். அரை மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள், படுத்தே கிடக்காதீர்கள். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி. மற்றபடி இந்த மாதிரி வலிகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் தானாகவே குறைகிறவை. இரண்டு மாதம் ஆகிவிட்டதால் அம்மாவோடு போகிற அன்றைக்கு நீங்களும் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அம்மாவின் சீட்டு முன்னால் இருக்கட்டும்.

கனம் தூக்காதே என்றால் தூக்காதீர்கள், நானும் அதையேதான் சொல்வேன். கேன் போடுகிறவர் மாடிக்கு இவ்வளவு என்று கூட வாங்கிக்கொண்டு சமையலறை வரை வைத்துவிட்டுப் போவார். அவர் நம்பர் உங்கள் போனில் இருக்காது, அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.