தேயாத காசா, தெளிவான அடியா?

கேள்வி: ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். மாதம் ஒரு காசு வாங்கத்தான் வசதி. 1919ஆம் ஆண்டுக் காசுகள் இரண்டு ஒரே விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்றை ‘யுஎன்சி’ (புழக்கத்துக்கே போகாதது) என்கிறார் விற்பவர். பளிச்சென்று இருக்கிறது, ஆனால் அரசரின் அங்கியில் உள்ள யானை மொழுக்கென்று கிடக்கிறது. மற்றது ‘எக்ஸ்எஃப்’ (கொஞ்சமே புழங்கியது), நிறம் மங்கல், யானையின் தும்பிக்கை வரை தெரிகிறது. எதை எடுப்பது?

பதில்: இரண்டாவதை எடுங்கள். ஆனால் முதலாவதைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஒதுக்கிவிடாதீர்கள்.

கிரேடு என்பது காசு அக்கசாலையை விட்டு வந்தபின் பட்ட பாட்டின் கணக்கு. அடியோ, அதாவது அச்சு காசில் பதிந்த விதம், பிறக்கும்போதே அமைந்துவிடுவது. அச்சு ஓய்ந்துபோயிருந்தால், ஒரு கைகூட மாறாத காசிலும் யானை மொழுக்கையாகத்தான் இருக்கும். முதல் உலகப்போர் சமயத்தில் வெள்ளி ரூபாய்க்கு அத்தனை தேவை இருந்தது. 1918இல் மட்டும் கல்கத்தாவும் பம்பாயும் சேர்ந்து 40 கோடிக்கு மேல் அடித்தன. அதே ஆண்டு அமெரிக்கா பிட்மேன் சட்டம் போட்டு, தன் வெள்ளி டாலர்களில் சுமார் 26 கோடியை உருக்கி, இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு விற்றது. இப்படி ஓயாமல் அடித்த காலத்துக் காசுகளில் ஆண்டை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. ஒவ்வொரு காசாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

தேய்மானமா, அடிக்குறையா என்று கண்டுபிடிக்க டியூப்லைட் வேண்டாம். ஒற்றை பல்பு எரியும் மேசை விளக்கின் கீழ், காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். அச்சடித்த மினுமினுப்பு அழியாத காசில் ஒளிக்கீற்று சக்கரத்தின் ஆரம்போலச் சுற்றி வரும். அந்தக் கீற்று மொழுக்கையான யானையின் மேலும் அறுபடாமல் ஓடினால், குறை அடியில்தான், காசு தேயவில்லை. யானையருகே வந்ததும் கீற்று அணைந்து, அந்த இடம் மட்டும் சாம்பல் பூத்தாற்போல் இருந்தால், அது தேய்மானம். பத்து மடங்கு லென்ஸில் அரசரின் காது, மீசை, கிரீடத்தின் பட்டை ஆகியவற்றையும் இதேபோல் பாருங்கள்.

கீற்று சுற்றவே இல்லை, ஆனால் காசு முழுக்க ஒரேமாதிரி பளபளக்கிறதா? அது துலக்கிய காசு. நம் வீடுகளில் வெள்ளியை விபூதி போட்டுத் தேய்ப்பது வழக்கம். குத்துவிளக்குக்கு அது அழகு, காசுக்கு நாசம். லென்ஸில் மயிரிழைபோல் கோடுகள் ஒரே திசையில் ஓடும், எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பழைய கறுப்பு ஒட்டியிருக்கும். இதைத் திருப்பிச் சரிசெய்ய வழியே இல்லை. உங்கள் இரண்டாவது காசின் மங்கல் நிறத்தை நான் விரும்புவது இதனால்தான். வாங்கியபின் நீங்களும் அதைத் துலக்கிவிடாதீர்கள்.

விளிம்பையும் விடாதீர்கள். மாலையில் கோத்துப் போட்ட ரூபாய்கள் ஏராளம். கிரீடத்துக்கு நேர்மேலே விளிம்பின் வரிகள் மழுங்கியிருந்தால் கொக்கி பற்றவைத்த இடம். எடை 11.66 கிராம், அதில் அசல் வெள்ளி சுமார் 10.69 கிராம். வாங்கும் நாளின் வெள்ளி விலையில் இதைப் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

பம்பாய்க் காசுக்கு ஆண்டின் கீழே உள்ள பூவின் அடியில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், கல்கத்தாவுக்கு இல்லை. 1917 முதல் 1920 வரை தாராளமாகக் கிடைப்பதால், அந்த ஆண்டுகளில் நல்ல அடிக்காகக் காத்திருக்கலாம். 1911 வேறு கதை. யானை பன்றிபோல் இருக்கிறது என்று மக்கள் முகம் சுளித்ததால் மறு ஆண்டே அச்சை மாற்றினார்கள். ‘பன்றி ரூபாய்’ வாங்குவதே அந்த உருவத்துக்காகத்தான்; அது தெளிவில்லாமல் இருந்தால் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற கிரேடு போடும் நிறுவனங்களின் பெட்டியில் அடைத்து வரும் சாதாரண ஆண்டுக் காசுகள் இப்போதைக்கு வேண்டாம். பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் இன்னொரு ரூபாய் வாங்கிவிடலாம்.

உங்கள் முதலாவது காசுக்கு வருகிறேன். விளக்கொளியில் கீற்று யானையின் மேல் ஓடுகிறதென்றால், அது உண்மையான யுஎன்சி, அடி மட்டும் மங்கல். விற்பவரிடம் அந்த இடத்தைக் காட்டி, எக்ஸ்எஃப் விலைக்கும் கீழே கேளுங்கள். இறங்கினால் அடுத்த மாதத்துக்கு அதை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.