பல்லடம் விபத்து: ஆதாரங்களை இப்போதே சேருங்கள்

பல்லடம் ரோட்டில் உங்கள் அப்பாவின் மொபட்டைக் கார் இடித்துக் கால் முறிந்துவிட்டது, விசைத்தறி வேலைக்குச் சம்பளச் சீட்டும் கிடையாது, எதைக் காட்டி இழப்பீடு கேட்பது என்று கேட்டிருந்தீர்கள்.

இன்றைக்கே அந்த இடத்துக்குப் போங்க. பக்கத்துப் பேக்கரியில் கேமரா இருந்தால் பதிவைக் கேளுங்கள். நாள் போனால் அதன்மேல் புதுசு பதிவாகிவிடும்.

அப்புறம், ஆஸ்பத்திரியில் முதன்முதலில் எழுதிய ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். என் சித்தப்பாவைச் சேர்த்தபோது பதற்றத்தில் யாரோ "வண்டியிலிருந்து விழுந்துட்டாருங்க" என்று சொல்ல, அதையே எழுதிவிட்டார்கள். இடித்த லாரியைப் பற்றி ஒரு சொல் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் படுத்தியது கொஞ்சநஞ்சமல்ல. உங்கள் அப்பாவின் எஃப்.ஐ.ஆரும் ஏ.ஆர். காப்பியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

வருமானத்துக்குக் கூலி நோட்டும் பேங்க் பாஸ்புக்கும் உதவும். தறி ஓனரே சாட்சி சொல்ல வந்தால் இன்னும் பலம். மருந்து பில், எக்ஸ்ரே ஃபிலிம், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த கார் வாடகை ரசீது எல்லாவற்றிலும் ஒரிஜினலைப் பத்திரப்படுத்துங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவின்படி இழப்பீடு கேட்கும் மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். அதற்குள் யாராவது வீடு தேடி வந்து சமாதானம் பேசினால், வக்கீலிடம் காட்டாமல் அப்பாவைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.