யாரிடமும் குரல் உயர்த்தாத அப்பா ஏமாளியா?

கேள்வி இதுதான்: "என் அப்பா நாள் முழுக்க உழைக்கிறார், யாரையும் ஒரு வார்த்தை அதட்ட மாட்டார். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஏமாளி என்கிறார்கள். அவரைப் போல் ஆகிவிடக் கூடாது என்று நான் நினைப்பது தவறா?"

வீட்டில் ஏதோ பாகப் பிரிவினை நடந்திருக்கும், அப்பா விட்டுக் கொடுத்திருப்பார், அந்தக் கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றாலும் பரவாயில்லை. "ஏமாளி" என்று பார்த்ததும் என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை. என் அப்பாவையும் அப்படித்தான் சொன்னார்கள்.

அப்பா 1960-இல் இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அவருடைய தாத்தா துறையூர்ப் பக்கத்து ஆள். தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொண்டு போகும் கங்காணி கொடுத்த முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு, சின்ன வயதிலேயே கடல் தாண்டிப் போனவர். என் தாத்தா அங்கேயே பிறந்து, அங்கேயே மலையேறிக் கொழுந்துக் கூடை சுமந்து வளர்ந்தவர். ஆனால் 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டப்படி அங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பனும் அங்கேயே பிறந்திருக்க வேண்டும். அவருடைய தகப்பன் பிறந்தது துறையூரில். அவ்வளவுதான், லட்சக்கணக்கான பேரோடு சேர்ந்து அவரும் நாடில்லாதவர் ஆனார்.

பிறகு 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். 1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இதில் யார் சரி, யார் தவறு என்று அரசியல் பேச நான் வரவில்லை, தயவு செய்து பின்னூட்டத்தில் அதற்காகச் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். மூத்த அத்தைக்கு அதற்கு முன்பே கல்யாணமாகியிருந்தது, மாமா வீட்டார் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

1974-இல் கிளம்பினார்கள். தோட்டங்களில் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். கோதுமை மாவுக்கும் அளவு, மரவள்ளிக் கிழங்கு கிடைத்தால் அன்றைக்குச் சாப்பாடு. தலைமன்னாருக்குப் போகும் அந்த ரயிலை எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ஏறுகிறவர்களும் அழ, வழியனுப்ப வந்தவர்களும் ரயிலோடு ஓடிக்கொண்டே அழ, ஸ்டேஷனே சாவு வீடு மாதிரி இருக்குமாம். அத்தை ஜன்னல் வழியாக அப்பாவின் சட்டையைப் பிடித்த பிடியில் இரண்டு பொத்தான் தெறித்துவிட்டது. பொத்தான் இல்லாத அந்தச் சட்டையோடுதான் அவர் ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கினார். அதன் பிறகு அக்காவும் தம்பியும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

மண்டபம் முகாமில் கொஞ்ச நாள். அந்தக் காலத்தில் தோட்டத்துக்குப் போகிறவர்களை நோய் இருக்கிறதா என்று பார்க்க நிறுத்தி வைத்ததும் அதே மண்டபத்தில்தான். அங்கிருந்து தாத்தாவுக்கு வியாபாரக் கடன் கொடுத்துத் திருச்சிப் பக்கம் அனுப்பினார்கள். வாழ்நாள் முழுக்கத் தேயிலையைத் தவிர வேறு எதையும் தொடாத மனிதருக்கு மளிகைக் கடை! இடையில் நின்ற தரகர் பாதியைத் தின்றார், மீதியைக் கடன் சொல்லி வாங்கியவர்கள் தின்றார்கள். கடைசியில் எல்லாரையும் போல நீலகிரிக்கே வந்து சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கென்றே அரசு தேயிலைத் தோட்டம் போட்டிருந்தது, அதில் வேலை கிடைத்தவர்கள் உண்டு. எங்களுக்கு வாய்த்தது கூடலூர்ப் பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்.

அப்பா அங்கே கவ்வாத்து ஆள். தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒரு முறை வெட்டி இறக்குவதுதான் கவ்வாத்து. பார்க்கச் சுலபமாகத் தெரியும். ஒரே இழுப்பில், சாய்வாக, கிளை பிளக்காமல் வெட்டு விழ வேண்டும். பிளந்தால் அந்த இடத்தில் தண்ணீர் நின்று அழுகும், செடி திரும்பத் தழைக்காது. அதனால் விடியும் முன்பே எழுந்து சாணைக்கல்லில் கத்தியைத் தீட்டுவார். தீட்டி முடித்து, கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக வைத்துப் பார்ப்பார். வழுக்கினால் இன்னும் தீட்ட வேண்டும், நின்றால் சரி. ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லீவு, அன்றைக்கும் சிறு விவசாயிகளின் தோட்டத்தில் கவ்வாத்துக்குப் போவார். எங்கள் படிப்பு அந்த ஞாயிற்றுக்கிழமைக் காசில்தான் நடந்தது.

கொஞ்ச காலம் அவரை மேஸ்திரி ஆக்கினார்கள். மேஸ்திரி என்றால் கத்த வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். அப்பா கத்த மாட்டார். "அக்கா, அந்த நெரையில முத்துன எல கெடக்கு பாருங்க" என்பார், அவ்வளவுதான்.

பள்ளி விட்டு வந்து நான், பறித்த கொழுந்தை எடை போடும் நிறுவைக் கொட்டகையில் அவருக்காகக் காத்திருப்பேன். ஒரு ஆடி மாசம், விடாத மழை. புதிதாக வந்த ஃபீல்டு ஆபீசர் ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு நாலு கிலோ கழிவு என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தார். அட்டை கடித்த காலில் ரத்தம் வழிய நின்ற பெண்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அப்பா ஒரு சாக்கை உதறிக் காலியாக்கித் தராசுக் கொக்கியில் மாட்டினார். "ஐயா, இது நல்லா நனைஞ்ச சாக்கு. முள்ளு எங்க நிக்குதுன்னு நீங்களே பாத்து எழுதிக்கோங்க." முள் இரண்டைக்கூடத் தொடவில்லை. ஆபீசர் முகம் சிவந்துவிட்டது. அப்பா அதே குரலில், "ஈரத்துக்குக் கழிக்கிறத நான் கேக்கல ஐயா, சாக்குக்கு மட்டும் சரியாப் போடுங்க" என்றார். அன்றிலிருந்து சாக்குக் கழிவு இரண்டு கிலோ ஆனது. அடுத்த கவ்வாத்துக்குள் அப்பாவின் மேஸ்திரி வேலையும் போனது. லைன் வீடுகளில் பேச்சு என்ன தெரியுமா? "பொழைக்கத் தெரியாத மனுசன், நாலு சத்தம் போட்டு வேலையைக் காப்பாத்தியிருக்கலாம்."

எனக்கும் அது உறுத்தியது. ஒரு நாள் நேராகவே கேட்டேன், ஏன் யாரையும் அதட்டுவதில்லை என்று. "சின்ன வயசுல, காலையில வேலை பிரிச்சு விடுற பெரட்டுக் களத்துல நிப்பேன் பாப்பா. காலங்காத்தால தாத்தாவப் பேரு சொல்லி ஏசுவாங்க. தாத்தா தலையக் குனிஞ்சுக்கிட்டு என்னயப் பாக்காம நிப்பாரு. இன்னொருத்தன் புள்ள முன்னாடி அவன அப்படி நிக்க வெக்க எனக்கு வாய் வரல." இவ்வளவுதான் சொன்னார்.

இதைப் படித்துவிட்டு, அப்பாவைத் தெய்வமாக்குகிறார் என்று யாராவது சொல்லக்கூடும். அவருக்கும் பிடிவாதம் உண்டு. உடம்பு முடியாமல் போனால் சொல்ல மாட்டார். அம்மாவின் நகை அடகில் மூழ்கியதை எங்களிடம் மறைத்தார், அதில் அம்மாவுக்கு இன்றுவரை வருத்தம்தான். அதையும் சேர்த்தேதான் அவரை எனக்குத் தெரியும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லி விடுகிறேன், நெஞ்சில் கிடக்கிறது. எனக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அப்பாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர், "சிலோன் அகதியா? எந்த முகாம்?" என்றார். இந்திய அரசு கொடுத்த பாஸ்போர்ட்டோடு, இந்தியக் குடிமகனாகக் கப்பல் ஏறி வந்தவர் என் அப்பா. 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்கள் பட்ட துன்பம் பெரிது, அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் படித்தவர்கள்கூட இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, பூர்வீகத்துக்கு அத்தாட்சி கொண்டு வா என்று தலைமுறை தலைமுறையாக அலைய விடுவதை என்னால் ஏற்க முடியாது. துறையூரில் யாரிடம் போய்க் கேட்பது? அங்கே எங்களைத் தெரிந்த ஒருவர்கூட உயிரோடு இல்லை. அன்றைக்கும் அப்பா சத்தம் போடவில்லை. பிளாஸ்டிக் உறையிலிருந்து பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் எடுத்து மேசையில் வைத்து, "படிச்சுப் பாருங்க சார், நாங்க நிக்கிறோம்" என்றார். சாயங்காலம் வரை நின்றோம், அதற்கு அப்புறமும் பல தடவை போய் நின்றோம், வாங்கினோம்.

கைபேசி வந்த பிறகு அத்தையும் அவரும் பேசிக்கொண்டார்கள். "தேத்தண்ணி குடிச்சியா?" என்பதைத் தாண்டி அதிகம் போகாது, ஆனாலும் ஞாயிறு தவறாது. அப்பா போய்ச் சேர்ந்த அன்று அத்தைக்கு நான்தான் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "தம்பி யாரையாவது கோவிச்சுக்கிட்டுப் போனானா?" என்றுதான். இல்லை என்றேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவரைப் போல் ஆகக் கூடாது என்று நினைப்பதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். நானே அவரைப் போல் இல்லை, வேலையிடத்தில் எனக்குக் குரல் உயரத்தான் செய்கிறது. ஆனால் உங்கள் அப்பா எதை, யாருக்காக விட்டுக் கொடுத்தார் என்பதைச் சொந்தக்காரர்கள் வாயால் கேட்டுத் தீர்மானிக்காதீர்கள். அவரிடமே கேளுங்கள். முதல் தடவை சொல்ல மாட்டார். வேலை ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து திரும்பக் கேளுங்கள்.