கேள்வி–பதில்: மூன்று கணினிகளுக்கு ஒரே ரிமோட்

கேள்வி: எங்கள் வீட்டு ஹாலில் டிவியுடன் இணைத்த மினி பிசி ஒன்றும், அதை ஒட்டிய படிப்பறையில் டெஸ்க்டாப் ஒன்றும், மாடியில் லேப்டாப் ஒன்றும் இருக்கின்றன. படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் வசதியாக இருக்கட்டும் என்று, ஹாலுக்கும் படிப்பறைக்கும் ஒரே மாதிரியான யுஎஸ்பி அகச்சிவப்பு ரிசீவர்களை ரிமோட்டுடன் வாங்கினேன். இப்போது ஹாலில் பட்டனை அழுத்தினால் படிப்பறைக் கணினியும் சேர்ந்து இயங்குகிறது. ஒரே ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான் நினைக்கும் கணினியை மட்டும் இயக்க வழி உண்டா?
— மதுரை வாசகர்

பதில்: வழி உண்டு. உங்கள் ரிமோட்டிலும் குறை இல்லை, ரிசீவரிலும் குறை இல்லை. தெருமுனையில் நின்று "அண்ணே" என்று குரல் கொடுத்தால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் அல்லவா, அதுதான் உங்கள் வீட்டில் நடக்கிறது. அகச்சிவப்பு ரிமோட் எந்தக் கருவியையும் தேடிப் போய்ப் பேசுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒளியை, பெரும்பாலும் விநாடிக்குச் சுமார் 38,000 முறை என்ற வேகத்தில் சிமிட்டி, அந்தச் சிமிட்டலையும் இடைவெளி விட்டு விட்டு அனுப்பி, ஒரு செய்தியை அறை முழுவதும் இறைக்கிறது.

அச்செய்தியின் அமைப்பு தெரிந்தால் தீர்வும் பிடிபடும். பரவலாகப் புழங்கும் என்இசி என்ற செய்தி முறையில், ஒரு பட்டனை அழுத்தும்போது 32 பிட்டுகள், அதாவது 0 அல்லது 1 என்ற குறிகள், செல்கின்றன. முதல் 8 பிட்டுகள் முகவரி, அடுத்த 8 அதே முகவரியின் தலைகீழ் வடிவம் (0 இருந்த இடத்தில் 1, 1 இருந்த இடத்தில் 0), அதற்கடுத்த 8 கட்டளை, கடைசி 8 அக்கட்டளையின் தலைகீழ் வடிவம். வழியில் ஏதேனும் பிட் பிசகியிருந்தால் ரிசீவர் அதைக் கண்டுகொண்டு ஒதுக்கிவிட வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொன்றும் இருமுறை செல்கிறது. டிவி ரிமோட்டை அழுத்தும்போது செட்-டாப் பாக்ஸ் அசையாமல் இருப்பதற்குக் காரணம், முகவரியோ செய்தியின் அமைப்போ அதற்கு வேறாக இருப்பதுதான். நீங்கள் ஒரே மாதிரி இரண்டு வாங்கியதால் இரண்டு கணினிகளுக்கும் ஒரே முகவரி அமைந்துவிட்டது. ஆகவே இரண்டும் "என்னைத்தான்" என்று எழுந்து நிற்கின்றன.

இதில் பெரிய தொல்லை தருவது, இயக்கு–நிறுத்து இரண்டுக்கும் பொதுவான அந்த ஒற்றைப் பட்டன்தான். என் வீட்டிலும் இந்தக் கூத்து சில மாதங்கள் நடந்தது. ஹாலில் படம் ஓடும். உள்ளே பாட்டு நின்றிருக்கும். தொலைபேசி வந்ததே என்று பட்டனை அழுத்தினால் படம் நிற்கும், உள்ளே சீர்காழியின் குரல் தொடங்கும். மறுபடி அழுத்தினால் பாட்டு நின்று படம் ஓடும். இரண்டையும் ஒருசேர நிறுத்த வேண்டுமானால் ஓர் அறைக்கு எழுந்து போயே தீர வேண்டும். எழாமல் இருப்பதற்காகத்தானே ரிமோட் வாங்கினோம்!

செலவில்லாத வழியை முதலில் முயன்று பாருங்கள். அகச்சிவப்பு ஒளி செங்கல் சுவரைத் துளைக்காது. ஆனால், வெள்ளையடித்த சுவரிலும் கண்ணாடியிலும் பட்டுத் தெறித்து, திறந்திருக்கும் கதவு வழியாக அடுத்த அறைக்குள் நுழைந்துவிடும். படிப்பறை ரிசீவரை ஒரு யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியில் செருகி, மேசைக்குக் கீழே, வாசலுக்கு முதுகு காட்டும்படி வைத்து, பக்கவாட்டில் தடிமனான அட்டைத் துண்டால் மறைத்துவிட்டால் பல வீடுகளில் சிக்கல் தீர்ந்துவிடும். கதவைச் சாத்தினாலும் தீரும் என்று நீங்கள் சொல்லலாம். நம் வீடுகளில் எந்தக் கதவு சாத்தியே இருக்கிறது?

நிலையான தீர்வு, இரண்டு கணினிகளுக்கும் வெவ்வேறு முகவரி கொடுப்பது. இதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, டிவி, டிவிடி, ஆக்ஸ் என்று மேலே தனித்தனிப் பட்டன்கள் கொண்ட யுனிவர்சல் ரிமோட். மற்றொன்று, எந்த ரிமோட்டின் செய்தியையும் கற்றுக்கொள்ளக்கூடிய யுஎஸ்பி ரிசீவர். ஃப்ளர்க் போன்ற ரிசீவர்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. தமக்குக் கற்பித்த செய்தி வந்ததும், கீபோர்டில் ஒரு விசையை அழுத்தியது போலக் கணினிக்குத் தெரிவிப்பதே இவற்றின் வேலை. யுனிவர்சல் ரிமோட்டின் டிவி பட்டனுக்கும் டிவிடி பட்டனுக்கும் தனித்தனி நிறுவனங்களின் குறியெண்களைப் பதிந்துகொள்ளுங்கள். அந்த நிறுவனங்களின் கருவி எதுவும் உங்கள் வீட்டில் இல்லாதபடி பார்த்துக்கொள்வது முக்கியம். இல்லாவிட்டால் கணினியில் ஒலியைக் கூட்டும்போது டிவியும் கூடச் சேர்ந்து அலறும். பிறகு ரிமோட்டை டிவி நிலையில் வைத்து, ஹால் ரிசீவருக்கு மேல்–கீழ், இட–வலம், சரி, பின்செல், இயக்கு–நிறுத்து ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கற்பியுங்கள். ரிமோட்டை டிவிடி நிலைக்கு மாற்றி, அதே பட்டன்களைப் படிப்பறை ரிசீவருக்குக் கற்பியுங்கள். கற்பிக்கும்போது மற்றொரு ரிசீவரைப் பிடுங்கி வைப்பது நல்லது. நான் செய்தபோது, எது எந்த அறைக்கு என்று வீட்டில் உள்ளவர்கள் குழம்பியதால், டிவி பட்டன்மீது சிவப்பும் டிவிடி பட்டன்மீது பச்சையுமாக நகப்பூச்சு வைத்தேன். ரிசீவர்களின் தலையிலும் அதே நிறங்கள். அதற்குப் பிறகு ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

கணினியில் லினக்ஸ் இருந்தால் புதிய ரிசீவர் வாங்கும் அவசியமே நேராமல் போகலாம். பல ரிசீவர்களை லினக்ஸின் மையப் பகுதியான கருநிரல் நேரடியாகவே அறிந்துகொள்ளும். 'ஐஆர்-கீடேபிள்' என்ற கட்டளை மூலம், வரும் ஒவ்வொரு செய்தியின் எண்ணையும் திரையில் பார்த்து, எந்த எண்ணுக்கு எந்த விசை என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிடலாம். பட்டியலில் இல்லாத எண்களை அந்தக் கணினி கண்டுகொள்ளாது. விண்டோஸில் இந்த வசதி இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

மாடி லேப்டாப்புக்கு அகச்சிவப்பு எட்டாது. புளூடூத் ரிமோட்டோ, கணினியில் செருகும் டாங்கிளுடன் வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டோ சுவர் தாண்டி ஓரளவு வேலை செய்யும்; ஆயினும் அவை பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கணினியுடன் மட்டுமே ஜோடி சேரும் இயல்புடையவை. மூன்று கணினிகள் வரை நினைவில் வைத்து, ஒரு பட்டனில் மாறிக்கொள்ளும் புளூடூத் கீபோர்டுகள் உண்டு. லாஜிடெக் கே380 அப்படிப்பட்டது. ஆனால் அதை ரிமோட் என்று சொல்லிச் சோபாவில் சாய்ந்துகொண்டு பயன்படுத்துவது கொஞ்சம் சிரமம். மாடிக்கு எது சரி என்பதற்கு அடுத்த கேள்வியின் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் தனி ரிமோட் எதற்கு? கையில் இருக்கும் செல்போனையே எல்லாக் கணினிகளுக்கும் ரிமோட்டாக மாற்ற முடியாதா? அணைந்து கிடக்கும் கணினியை அதன் மூலம் இயக்கவும் முடியுமா?
— கோவை வாசகர்

பதில்: முதல் கேள்விக்கு விடை, தாராளமாக முடியும். வைஃபையில் ஒவ்வொரு கணினிக்கும் தனி முகவரி ஏற்கெனவே இருப்பதால், மதுரை வாசகரின் குழப்பம் இங்கே எழுவதே இல்லை. பட்டியலில் 'ஹால்' என்ற பெயரைத் தொட்டால் ஹால் கணினி மட்டுமே கேட்கும். கேடிஇ கனெக்ட் என்ற இலவசச் செயலி விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடுகிறது. ஒரு போனை எத்தனை கணினிகளோடும் இணைத்துக்கொள்ளலாம். போன் திரையே மவுஸ் பலகையாகிவிடும். படம் பார்க்க மட்டும் என்றால், 'கோடி' (Kodi) என்ற படம் பார்க்கும் மென்பொருளுக்குக் 'கோர்' (Kore) என்ற ரிமோட் செயலி இருக்கிறது. அதிலும் பல கணினிகளைச் சேர்த்து வைக்கலாம். இணைப்பு கிடைக்கவில்லை என்று எழுதும் வாசகர்களுக்கு நான் சொல்வது பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான். போன் 'விருந்தினர்' வைஃபையில் இருக்கும். ரூட்டர் அதை வீட்டுக் கணினிகளிடமிருந்து பிரித்து வைத்திருக்கும். அல்லது, விண்டோஸ் உங்கள் வீட்டு இணைப்பைப் 'பொது' வகை என்று எடுத்துக்கொண்டு, வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை இறுக்கியிருக்கும். அதைத் 'தனிப்பட்ட' வகைக்கு மாற்ற வேண்டும்.

ஆனாலும் நான் ரிமோட்டின் கட்சி. படத்தை ஒரு கணம் நிறுத்துவதற்குப் போனை எடுத்து, பூட்டைத் திறந்து, செயலியைத் தேடி, நடுவில் வந்து விழுந்த வாட்ஸ்அப் செய்தியைப் படித்துவிட்டு நிமிரும்போது வசனம் போயிருக்கும். வீட்டுப் பெரியவர்களுக்கோ, கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே கண்டுபிடிக்கக்கூடிய பட்டனுக்கு இணை வேறில்லை. ஹாலுக்கு ரிமோட், மாடிக்குப் போன் என்று வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

அணைந்த கணினியை இயக்குவதற்கு வேக் ஆன் லேன் என்ற ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு நெட்வொர்க் அட்டைக்கும் மேக் முகவரி (ஆப்பிளின் மேக் கணினிக்கும் இதற்கும் தொடர்பில்லை) என்று 6 பைட் நீளமுள்ள எண் ஒன்று இருக்கிறது; 8 பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். எல்லாப் பிட்டுகளும் 1 ஆக உள்ள 6 பைட்டுகளை முதலில் அனுப்பி, அதைத் தொடர்ந்து அந்த மேக் முகவரியை 16 முறை திரும்பச் சொன்னால், மொத்தம் 102 பைட் கொண்ட ஒரு துயிலெழுப்பும் செய்தி உருவாகிறது. கணினி அணைந்திருந்தாலும், மின் இணைப்பு இருக்கும்வரை நெட்வொர்க் அட்டை அரைத்தூக்கத்தில் காது கொடுத்துக்கொண்டிருக்கும். தன் பெயர் வந்ததும் கணினியை எழுப்பிவிடும். இதற்கு, கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புப் பகுதியான பயாஸில் வேக் ஆன் லேனை இயக்கி வைக்க வேண்டும். கணினி ரூட்டருடன் கம்பியால் இணைந்திருக்க வேண்டும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் 'வேகமான தொடக்கம்' என்ற வசதியை அணைக்க வேண்டும். வைஃபையை மட்டுமே நம்பியிருக்கும் லேப்டாப்களில் இது பொதுவாகக் கைகொடுக்காது.

நம் ஊர் மின்வெட்டையும் கணக்கில் கொள்ளுங்கள். மின்சாரம் போய் வந்த பிறகு, ஒருமுறை கையால் இயக்கி அணைக்கும்வரை சில கணினிகள் இந்த அழைப்பைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆகவே முழுவதும் அணைப்பதற்குப் பதிலாக, உறக்க நிலையில் வைத்துப் பழகலாம். அப்போது சாதாரண அகச்சிவப்பு ரிசீவரும் கணினியை எழுப்பக்கூடும். விண்டோஸின் சாதன மேலாளரில் அந்த ரிசீவரைத் திறந்து, 'இச்சாதனம் கணினியை எழுப்ப அனுமதி' என்னும் பொருளில் உள்ள கட்டத்தைக் குறியிட்டால் போதும்.

கேள்வி: ரிமோட் காலையில் நன்றாக வேலை செய்கிறது, சாயங்காலம் ஆனால் மக்கர் செய்கிறது. பேட்டரியை இரண்டு முறை மாற்றிவிட்டேன்.
— நாகர்கோவில் வாசகர்

பதில்: பேட்டரியை விட்டுவிடுங்கள். மேற்குப் பார்த்த சன்னல் இருக்கிறதா? சாயங்கால வெயிலில் அகச்சிவப்பு மிகுதி. அது நேராக ரிசீவரின் முகத்தில் விழுந்தால், வெயிலில் மெழுகுவத்தியைக் காட்டுவது போல ரிமோட்டின் ஒளி எடுபடாது. வெயில் இல்லை, விளக்குப் போட்ட பிறகுதான் தொல்லை என்றால், பழைய சிஎஃப்எல் பல்புகளைச் சந்தேகியுங்கள். அவற்றின் மின்சுற்று விநாடிக்குப் பல்லாயிரம் முறை துடிப்பதால், ரிமோட்டின் 38 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்திலேயே இரைச்சல் கிளம்ப வாய்ப்புண்டு. விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

ரிமோட்டே பழுதா என்று அறிய, போனின் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்குக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். திரையில் வெளிறிய ஊதா நிறத்தில் ஒளி மினுக்கினால் ரிமோட் நலம். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் கேமராவில் பாருங்கள். சில போன்களின் பின்பக்கக் கேமரா அகச்சிவப்பை வடிகட்டிவிடும்.

கேள்வி: எனக்கு ரிமோட் வேண்டாம். மேசைமேல் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கணினிகளுக்கும் ஒரே கீபோர்டும் மவுஸும் போதும்.
— சேலம் வாசகர்

பதில்: இரண்டிலும் விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பை நிறுவி, அதில் மவுஸ் வித்அவுட் பார்டர்ஸை இயக்குங்கள்; இலவசம், நான்கு கணினிகள் வரை இணைக்கும். மவுஸை ஒரு திரையின் ஓரத்துக்குத் தள்ளினால் சுட்டி அடுத்த கணினியின் திரையில் போய் நிற்கும், கீபோர்டும் அதனோடு போய்விடும். ஒன்று லினக்ஸ் என்றால் இன்புட் லீப் என்ற மென்பொருள் இதே வேலையைச் செய்யும். இரண்டு மேக் என்றால் ஆப்பிள் தந்திருக்கும் யுனிவர்சல் கன்ட்ரோல் போதும், மேக்ஓஎஸ் 12.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருக்க வேண்டும். ஒரே மானிட்டரையும் பகிர நினைத்தால் மட்டும், கீபோர்டு, மவுஸ், மானிட்டர் மூன்றையும் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித் தரும் கேவிஎம் சுவிட்ச் வாங்குங்கள். வாங்குமுன் உங்கள் மானிட்டரின் இணைப்பு எச்டிஎம்ஐயா, டிஸ்பிளே போர்ட்டா என்று பின்னால் எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.