உப்புக் காற்றும் நானோ பூச்சும்

கேள்வி: வேதாரண்யத்தில் உப்பளத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. இரும்பு கேட்டுக்கு எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் ஒன்றரை வருடத்தில் துரு கொப்புளம் போட்டுவிடுகிறது. ‘நானோ கோட்டிங்’ அடித்தால் பத்து வருடத்துக்குக் கவலையில்லை என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
– ஒரு வாசகி, வேதாரண்யம்

பதில்: நானோவை நம்பலாம் அம்மா, பத்து வருடத்தை நம்ப வேண்டாம்.

முப்பது வருடம் முலாம் பட்டறையில் நின்றவன் நான். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நிக்கல் முலாமின் படிகத் துகள்களை இருபது, முப்பது நானோமீட்டருக்குச் சிறிதாக்கினால் உலோகம் நழுவ இடமில்லாமல் இறுகிவிடும், தேய்மானம் குறையும். பம்ப் தண்டு, பிஸ்டன் தண்டுக்கெல்லாம் முன்பு ஹார்டு குரோம், அதாவது கெட்டியான குரோமிய முலாம்தான். அந்த முலாம் போடும் தொட்டியின் ஆவி புற்றுநோய் தரக்கூடியது. மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுந்த தொழிலாளர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால், குரோமுக்கு மாற்றாக இப்படிப்பட்ட நுண்துகள் முலாம்கள் வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அவை தொட்டியில் மின்சாரம் பாய்ச்சிச் செய்பவை, டப்பாவில் வருபவை அல்ல.

கடையில் கிடைப்பது வேறு. நல்ல சரக்காக இருந்தால், பெயிண்டுக்குள் தகடு தகடான நுண்துகள்கள் இருக்கும். ஈரமும் உப்பும் அவற்றைச் சுற்றி வளைந்து போய்த்தான் இரும்பைத் தொட முடியும், அவ்வளவு தாமதம். அடியிலேயே உப்பு உட்கார்ந்திருந்தால்? அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எந்தப் பூச்சும் கொப்புளிக்கும். உங்கள் கேட்டில் நடப்பதும் பெரும்பாலும் இதுதான். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில்கூடப் பாலிசிலாக்சேன் என்கிற சிலிக்கான் வகைப் பூச்சு மேலடுக்குதான். அடியில் துத்தநாகம் இருக்கிறது. கீறல் விழுந்தால் துத்தநாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் நல்ல தண்ணீரால் கேட்டைக் கழுவுங்கள். காய்ந்ததும் கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். திரும்பவும் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அன்றைக்கே துத்தநாகம் மிகுந்த பிரைமர் அடித்துவிடுங்கள். ராத்திரிப் பனியில் விட்டால் உழைப்பெல்லாம் வீண். வெல்டிங் மூட்டுகளிலும் ஓரங்களிலும் இன்னொரு கை கூடுதலாக. அதற்குமேல் எபாக்ஸி பெயிண்ட், அப்புறம் விருப்பமிருந்தால் அந்த நானோ பெயிண்ட்.

கீலும் தாழ்ப்பாளும் உரசுகிற இடங்கள், அங்கே எந்தப் பெயிண்டும் நிற்காது. மாதம் ஒருமுறை கிரீஸ் தடவுங்கள்.